கண்ணீருக்கும் கணக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதர் படும் பாடு கடவுளுக்குத் தெரியுமென்றால் அவர் பார்த்துக்கொண்டு இருப்பது ஏன், தெரியாதென்றால் அவரிடம் வேண்டுவது எதற்கு என்று கேட்டுத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான வாசகர் கடிதத்தைப் படித்தேன். அக்கேள்வியில் உள்ள வேதனையை நான் மதிக்கிறேன். துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால், கடவுள் நம் துன்பத்தை அறிந்திருப்பதால் ஒரு பயனும் இல்லை என்பதுபோல் அக்கடிதம் முடிந்ததை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் வரும் ஆகார் ஓர் எகிப்திய அடிமைப்பெண். எஜமானியான சாராய் கடினமாய் நடத்தியதைத் தாங்க மாட்டாமல், வயிற்றில் பிள்ளையோடு, சூருக்குப் போகும் வழியில் உள்ள நீரூற்று வரை ஓடி வந்தவள். சாராயின் கணவர் ஆபிராமும் சாராயும் அவளைப் பற்றிப் பேசும்போது ‘அடிமைப்பெண்’ என்கிறார்களே தவிர, ஓரிடத்திலும் அவள் பெயரைச் சொல்வதில்லை. ‘ஆகாரே’ என்று பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று முதலில் விசாரிப்பவர் கர்த்தருடைய தூதனானவரே. அவள் அதே வீட்டுக்கு, அதே எஜமானியிடம் திரும்பிப் போக வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அவளுடைய நிலைமை மாறவில்லை. அப்படியிருந்தும் அவள் ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று அவருக்குப் பெயரிட்டாள். என்னை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்று நாம் அன்றாடம் நொந்துகொள்கிறோமே, அந்த நோவு தீர்ந்த ஒருத்தியின் குரலாகவே அது எனக்குக் கேட்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து எழுதவில்லை. என் தாயாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, ஒன்றரை ஆண்டு காலம் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்தது. ஊசி குத்தும் வலியைவிடத் தாகம்தான் அவரை வாட்டியது. அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது என்பதால், ஒரு நாளைக்கு உரிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு சிறு எவர்சில்வர் செம்பில் அளந்து வைத்துவிடுவோம். மாலைக்குள் அது தீர்ந்துவிட்டால், ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு படுத்திருப்பார். அந்நாள்களில் அவர் விடாமல் படித்தது வேதாகமப் பாடல்களில் ஒன்றான 56ஆம் சங்கீதம். ‘என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?’ என்பது அதன் 8ஆம் வசனம். துருத்தி என்றால் நமக்குக் கொல்லுப்பட்டறைதான் நினைவுக்கு வரும். இங்கே அது வழிப்போக்கர் தண்ணீர் கொண்டுபோகும் தோற்பை. மூலமொழியான எபிரெயத்தில் அலைச்சலுக்கும் துருத்திக்கும் ஏறக்குறைய ஒரே ஒலியுள்ள சொற்கள் வருகின்றன. வறண்ட தேசத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் காக்க வேண்டிய தண்ணீரைப் போலத் தன் கண்ணீரைக் கடவுள் சேர்த்து வைக்க வேண்டும் என்று, பகைவரான பெலிஸ்தரிடம் அகப்பட்ட தாவீது அந்தச் சங்கீதத்தில் கேட்கிறார். ஒருநாள் வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்டி, ‘நான் குடிக்காத தண்ணியும் அவரு கணக்குல இருக்கும்ளா’ என்று என் தாயார் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நடிப்பு இல்லை. அருகில் இருந்த எனக்கு அது தெரியும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள், செய்தி கேட்ட அன்றே, ‘எல்லாம் தேவசித்தம், அழக் கூடாது’ என்று வாயடைக்கிறார்கள். கடவுள் அறிந்திருக்கிறார் என்ற உண்மையை அழுகைக்குப் போடும் தாழ்ப்பாளாக்க யாருக்கும் உரிமை இல்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்த இயேசுவே, கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதுகிறார். எகிப்தில் அடிமைப்பட்டிருந்தவர்களைப் பற்றி மோசேயிடம் பேசும்போதும், அவர்கள் உபத்திரவத்தைப் பார்த்தேன், கூக்குரலைக் கேட்டேன், வேதனைகளை அறிந்திருக்கிறேன் என்று சொன்ன பிறகே, விடுதலையாக்க இறங்கினேன் என்கிறார் கடவுள்.

தாயார் காலமான பின் அவருடைய வேதாகமத்தைத் திறந்தேன். அந்தச் சங்கீதத்தின் ஓரத்தில், பால் கணக்கு எழுதுவது போல, மருத்துவமனைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஐந்தைந்தாகக் கட்டி வைத்திருந்தார். கடைசிக் கட்டில் மூன்று கோடுகள் இருந்தன.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை