முதலில் சின்ன முள்ளைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் கணக்கு நோட்டுடன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ‘குவார்ட்டர் டு டென்’ என்பதற்குக் கடிகாரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வரைந்தது 10.15. அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

“பத்தும் இருக்கிறது, காலும் இருக்கிறது. பத்தேகால்தானே பாட்டி?” என்றாள். பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது. கடந்துவிட்ட மணியை வைத்தே நாம் ஒன்பதேகால், ஒன்பதரை, ஒன்பதேமுக்கால் என்கிறோம். ஆங்கிலத்திலோ அரை தாண்டியதும் வரப்போகிற மணிக்குத் தாவி, அதற்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று சொல்கிறார்கள். இந்த வேறுபாட்டை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

என் மகன் வீட்டில் முள் கடிகாரமே கிடையாது. செல்போனில் 9.45 என்று சரியாகப் படிக்கிறாள். பத்து மணியாக இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஐம்பத்தைந்து நிமிடம் என்கிறாள். நூறிலிருந்து கழித்திருக்கிறாள், பாவம்.

முள் கடிகாரத்திலும் ஓர் இடறல் உண்டு. 9.45க்குச் சின்ன முள் பத்தை ஒட்டி நிற்பதால் பிள்ளைகள் பத்தேமுக்கால் என்று படித்துவிடுவார்கள். அதனால் என் வகுப்புக் கடிகாரத்தில் முதல் சில வாரங்களுக்குப் பெரிய முள்ளைக் கழற்றிவைத்துவிடுவேன். “ஒன்பதைத் தாண்டிவிட்டது, பத்தைத் தொடவில்லை” என்று சொல்லிப் பழகுவார்கள். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நட்டநடுவே சின்ன முள் வந்தால் சத்துணவு மணி அடிக்கும் என்பதை ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்தான். அன்றுமுதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்திருப்பான். பெரிய முள் அதற்குப் பிறகுதான், அதுவும் ஐந்தாம் வாய்ப்பாடு மனப்பாடமான பின்பு. அது தெரியாத குழந்தைக்கு, முள் நான்கில் நின்றால் ஏன் இருபது நிமிடம் என்பது எப்படிப் புரியும்?

ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில், பிள்ளைகளின் கண்மட்டத்தில், ஓடுகிற முள் கடிகாரம் ஒன்றை மாட்டிவைக்கும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேத்திக்கு நானே ஒன்று வாங்கி, பெரிய முள்ளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். இன்று காலை பல் துலக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, “ஏழைத் தாண்டி எட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வேன் வந்துவிடும்” என்று ஓடினாள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்