எங்கள் வட்டாரத்துக்கு ஒரு ரீச்சரின் நன்றி

அன்பான அயலவர்களுக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும்,

திங்கட்கிழமை இரவு, பொதுப் பாடசாலைகளை நிர்வகிக்கும் கல்விச் சபைக்கான தேர்தல் முடிவு வந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பேசக் கிடைத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டேன். திருப்பி எடுக்கவேண்டிய அழைப்புகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. ஒவ்வொரு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் பகலில் பாதி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கழிகிறது. அதனால் இப்போதைக்கு இந்த மடல்.

என் கணவர் தேறி வருகிறார். முதலில் அதைச் சொல்லிவிடவேண்டும். என் பிள்ளைகள் துண்டுப்பிரசுரத்தோடு போய் நின்ற வாசல்களில் எல்லாம் "ஐயா எப்படி இருக்கிறார்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்ததாம். நேற்றுக் கஞ்சி குடித்தார். தீபாவளிக்கு நீங்கள் கொடுத்துவிட்ட பயற்றம் பணியாரத்தைப் பார்த்து, "எனக்கு இல்லையோ?" என்றும் கேட்டார். தாதி சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் இன்னும் இடம் தரவில்லை. தேர்தல் சூடுபிடித்த ஒக்டோபர் மாதத்தில் நான் எந்த வாசலுக்கும் வரவில்லை, எந்த மேடையிலும் ஏறவில்லை என்பது மட்டும் இங்கே போதும். கல்விச் சபைத் தேர்தலில் இது சாதாரண விடயம் அல்ல. மேயருக்கு யார் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சபைக்கு நிற்பவரின் பெயர் வாக்குச்சீட்டில் மேயருக்கும் நகரசபை உறுப்பினருக்கும் பிறகுதான் வரும். பெயருக்குப் பக்கத்தில் கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை. நேரில் போய் முகத்தைக் காட்டினால்தான் உண்டு. அதுவும் ரொறன்ரோவில் இம்முறை மூன்றிலொருவர்கூட வாக்களிக்க வரவில்லை. இப்படிப்பட்ட தேர்தலில் வராத ஒரு வேட்பாளரை நீங்கள் மறுபடியும் அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த ஒக்டோபரில் நடந்த ஒன்றை நான் விரிவாகச் சொல்லவேண்டும். நூலகத்தின் கீழ்த்தளத்தில் வேட்பாளர்கள் எல்லோரும் பேசும் கூட்டம் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆளுக்கு இரண்டு நிமிடம் தொடக்க உரை. நான் ஆஸ்பத்திரியின் நடைபாதையில் இருந்தேன். நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை வாசிக்கலாம் என்ற நம்பிக்கையோடு மகள் போயிருந்தாள். வேட்பாளர்கள் மட்டும்தான் ஒலிவாங்கியைப் பிடிக்கலாம், வேறு யாரும் அவர்களுக்காகப் பேசக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். விதி எல்லோருக்கும் பொதுவானது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மகள் என்னை அழைத்து, "அம்மா, விடமாட்டார்களாம். நீங்கள் மற்றவர்கள் பேசுவதையாவது கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. என்னை எதிர்த்து நின்றவர்களில் மிகவும் பலமானவர் என்று எல்லோரும் சொன்ன அந்த இளம் தகப்பன். அவர் தமிழர் அல்ல. அதற்கு முன் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. "வேட்பாளர்தான் வாசிக்க வேண்டும் என்றால், நானும் வேட்பாளர்தானே. அந்தத் தாளை என்னிடம் தாருங்கள்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் வசனங்கள் அவருடைய குரலில் வரத் தொடங்கின.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்ததன் அளவு விளங்காது. தான் வந்தால் கல்வி வரியைக் குறைக்கப் பாடுபடுவேன் என்பது அவருடைய முக்கியமான வாக்குறுதிகளில் ஒன்று. நான் அதற்குத்தான் பதில் எழுதியிருந்தேன். ஒன்ராறியோவில் 1998 முதல் கல்வி வரியின் வீதத்தைத் தீர்மானிப்பது மாகாண அரசு, கல்விச் சபையால் அதில் ஒரு சதத்தைக்கூட மாற்ற முடியாது, கையில் இல்லாததை வாக்காளருக்குக் கொடுப்பதாகச் சொல்லக்கூடாது என்று கொஞ்சம் அழுத்தமாகவே எழுதியிருந்தேன். யாருடைய பெயரையும் போடவில்லை. ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது யாரைப் பற்றியது என்று தெரியும்.

அந்த இடம் வந்தபோது நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். வேகமாக முணுமுணுத்துவிட்டு அடுத்த பந்திக்குப் போயிருக்கலாம். அவர் வாசித்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "இது எனக்குச் சொன்னதுதான்" என்றார். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, சத்தத்தில் சிலருக்குக் கேட்டிருக்காது என்று சொல்லி, அந்தப் பந்தியை முதலில் இருந்து திரும்பவும் வாசித்தார். முன்னதைவிட நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

நான் அங்கே நின்றபடி அழுதேன். இவருக்காக அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

யாழ்ப்பாணத்தில் தொடங்கி இங்கே ஓய்வு பெறும்வரை என் வாழ்க்கை வகுப்பறையில்தான் போனது. இந்த மாகாணத்தில் கல்விச் சபையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையை விடாமல் சபை உறுப்பினராக இருக்க முடியாது. ஆகவே ஓய்வு பெற்ற பிறகுதான் 2018 இல் முதல்முறை நின்றேன். பட்டிமன்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது, எதிரணி சொல்வதை அவர்களே ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லுங்கள், பிறகு மறுத்துப் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர் ஒருவர், தோற்றால் இழப்பு என்ற நிலையில் நின்றுகொண்டு அதைச் செய்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

திங்கட்கிழமை இரவும் அவர்தான் அழைத்தார். முதலில் இவருடைய உடல்நிலையை விசாரித்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொன்னார். அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். "நீங்கள் எழுதியதைத்தானே வாசித்தேன்" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்தான்.

சரி, மற்றவர்கள். நன்றிகூறல் நாள் நீண்ட வார இறுதியை வீட்டாரோடு கழிக்காமல் எனக்காகப் படியேறி இறங்கியவர்கள், ஒக்டோபர் 7 இலிருந்து 14 வரை நடந்த முற்கூட்டிய வாக்களிப்புக்கு அம்மம்மாக்களைக் காரில் ஏற்றி இறக்கியவர்கள், பெயர் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கான தனிச் சபைக்குப் பதிவாகியிருந்தவர்களிடம் உங்கள் சீட்டில் ரீச்சரின் பெயர் வராது என்று நேர்மையாக விளக்கிவிட்டு வந்த இளையவர்கள், வாக்குரிமைக்கு இன்னும் வயது வராமலே பலகை நட்ட பிள்ளைகள், எங்கள் வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் அனுப்பியவர்கள், அனுப்பியது யாரென்றே சொல்லாதவர்கள். இவ்வாண்டு தீபாவளியும் வாக்களிப்பும் ஒரே நாளில் வந்தன. கோவிலுக்குப் போய்விட்டுப் புது உடுப்போடு வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் படங்களை மகள் காட்டினாள். இரவு எட்டு மணிக்குக் கதவு அடைக்கும் முன் வேலையிலிருந்து ஓடிவந்தவர்களும் இருந்தார்களாம். உங்கள் எல்லோருக்கும் என் கைகூப்பு.

இனி நான் செய்யப்போவது. அதே நூலகக் கூட்டத்தில் அந்த இளம் தகப்பன் பாடசாலைப் பேருந்துகளைப் பற்றியும் பேசினார். ஓட்டுநர் பற்றாக்குறையால் இந்த இலையுதிர்காலத்தில் வண்டிகள் பிந்துவதும் வராமல் விடுவதும் நீங்கள் அறிந்ததுதான். சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகும் தன் பிள்ளை வாசலில் காத்து நிற்பதைத் தகப்பனாக அவர் சொன்னார். அதன் மறுபக்கம் எனக்கு வகுப்பறையிலிருந்து தெரியும். வழமை குலைந்தால் தாங்கமுடியாத ஒரு பிள்ளை பத்து மணிக்கு அழுதுகொண்டு வந்து சேர்ந்தால், பிந்திய ஒரு மணி நேரத்தோடு அது முடியாது. அன்று முழுவதும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் இல்லை.

கையில் இல்லாததைத் தருவதாக நானும் சொல்லமாட்டேன். 22 பேர் கொண்ட சபையில் எனக்கு ஒரு வாக்கு மட்டுமே. தனியொரு உறுப்பினரால் எந்தப் பேருந்தையும் அனுப்ப முடியாது. ஆனால் சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் வண்டிகள் எத்தனை நாள் பிந்தின, எத்தனை நாள் வரவே இல்லை என்ற கணக்கைப் பொதுக் கூட்டத்தில் வைக்கும்படி கேட்க முடியும். எல்லாக் கல்விச் சபையிலும் சட்டப்படி இருக்கவேண்டிய சிறப்புக் கல்வி ஆலோசனைக் குழுவில் அந்தக் கணக்கைப் பேச வைக்க முடியும். பொதுமக்கள் முன்பதிவு செய்து குழுக் கூட்டங்களில் பேசலாம். அவர் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். புதிய பதவிக்காலம் நவம்பர் 15 அன்று தொடங்குகிறது. நான் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேட்டேனா என்று நீங்கள் என்னிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. தேர்தல் பலகைகளை 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிடவேண்டும் என்பது நகரத்தின் விதி. வியாழக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் வான் வண்டியில் வருகிறார்கள். என் பலகையைக் கழற்றி வாசலில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் அவருடைய பலகை நின்றால், அந்த வீட்டுக்காரரிடம் ஒருக்கா கேட்டுவிட்டு அதையும் சேர்த்து வையுங்கள். அவற்றை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் ரீச்சர்
ஸ்காபரோ, 26 ஒக்டோபர் 2022