அருவிக்குப் போகுமுன் முந்தின நாள் மழையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள அருவிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையின் படங்கள் கண்ணை நிறைத்தன. ஆனால் அதை நம்பி ஆகஸ்ட் வெயிலில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புவார்கள். பெருமழை ஓய்ந்த கையோடு கிளம்புகிறவர்களில் சிலர் அடிபட்டுத் திரும்புவார்கள். எந்த அருவி எங்கே இருக்கிறது என்று சொன்ன கட்டுரை, எப்போது போவது என்பதைத் தொடவே இல்லை. அந்த மலைப்பக்கத்தில் நேரம்தான் முக்கால் பங்கு.

கோத்லாண்ட் ஊரை ஒட்டியுள்ள மாலியன் ஸ்பவுட்டை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 70 அடி உயரம். மூர் எனப்படும் அந்த மரமற்ற மேட்டுநிலப் பகுதியிலேயே உயரமானது இதுதான். இது பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் வெஸ்ட் பெக் ஓடையே விழும் அருவி அல்ல. பக்கச் சுவரின் மேலிருந்து ஒரு சின்னக் கிளையோடை அந்தப் பள்ளத்துக்குள் குதிக்கிறது. கிளையோடைக்கு நீர் தரும் பரப்பு மிகச் சிறியது என்பதால், நாலைந்து நாள் மழை இல்லையென்றால் பாறையிலிருந்து நூல் நூலாகச் சொட்டுவதைத்தான் பார்க்கலாம். கோடையில் ஒரு பெருமழை கொட்டினால் சில மணி நேரம் ஆரவாரமாக விழுந்து அடங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் அருகில் போகவும் முடியாது. அருவிக்குப் போகும் வழி வெஸ்ட் பெக்கின் கரையிலேயே, ஓடைக்குள் கிடக்கும் பெரும்பாறைகளின் மேலேயே போகிறது. ஓடை பெருகினால் வழி தண்ணீருக்குள் போய்விடும். அருவிக்கு மழை வேண்டும், வழிக்கு மழை வேண்டாம்.

இரண்டும் ஒத்துவருவது நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போது மேலேயுள்ள மூர் நிலம் முழுக்க ஊறி நிற்கும். மழை ஒருநாள் விட்டாலும் கிளையோடை வற்றாது, வெஸ்ட் பெக் மட்டும் ஓரளவு தணிந்துவிடும். பல நாள் சீரான மழை, அதன் பின் மழையில்லாத ஓர் இரவு, மறுநாள் காலை: இதுவே நல்ல கணக்கு. இந்த ஓடைகளெல்லாம் கடைசியில் எஸ்க் ஆற்றில் சேர்கின்றன. எஸ்க்கின் நீர்மட்டத்தை இங்கிலாந்து அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் வரைபடமாகவே பார்க்கலாம். கோடு ஏறிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஏறி முடிந்து இறங்கிக்கொண்டிருந்தால் கிளம்பலாம்.

வழி எளிது. ஊரின் தென்மேற்குக் கோடியில், மாலியன் ஸ்பவுட் ஹோட்டலின் பக்கத்தில் ஒரு கதவு. அங்கிருந்து செங்குத்தாக இறங்கி ஓடைக்கரையை அடைந்து இடப்பக்கம், அதாவது ஓடையின் எதிர்த்திசையில் போக வேண்டும். வலப்பக்கம் போனால் பெக் ஹோல் என்ற சிற்றூர். அருவி நாம் இறங்கிய கரையிலேயே இருக்கிறது. ஓடையைக் கடக்கத் தேவையில்லை. கடைசிச் சில நூறு அடிதான் கஷ்டம். பாசி படிந்த ஈரப்பாறையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்ஸும் வழுக்கும். பாறைகளின் நெற்றியில் கால் வைக்காமல், அவற்றுக்கு இடையே சரளை தெரியும் இடங்களில் மிதித்துப் போங்கள். கருத்துப் பளபளக்கும் கல்லையும் ஈரமான மரவேரையும் மிதிக்காதீர்கள். ஊன்றுகோல் ஒன்று இருந்தால் பாதி பயம் போகும். தள்ளுவண்டிக் குழந்தையோடும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடும் இங்கே இறங்க வேண்டாம். அவர்களுக்குக் கோத்லாண்டிலிருந்து பெக் ஹோல் வழியாக குரோஸ்மாண்ட் வரை போகும் பழைய ரயில் பாதை இருக்கிறது. சுமார் ஐந்தரை கிலோமீட்டர். 1836-இல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் அமைத்த விட்பி–பிக்கரிங் தடத்தின் பகுதி அது. பெக் ஹோலுக்கு மேலே இருந்த சரிவில் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். 1865-இல் வேறு தடம் போட்ட பிறகு அந்தச் சரிவு நடைபாதையாகிவிட்டது. இறக்கம் உண்டு, ஆனால் கால் வைக்கத் தரை இருக்கிறது.

கட்டுரையோடு வந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அருவிக்கு நேர் கீழே ஒரு குழந்தையை நிறுத்தி எடுத்த படம் அது. குற்றாலத்தில் தலையைக் கொடுத்துப் பழகிய நமக்கு அது இயல்பாகத் தெரியும். குற்றாலத்தில் தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டால் போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார். இங்கே தடுக்க ஆளும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. இந்த அருவிகள் உருவானதே மேலே கடினமான மணற்பாறையும் கீழே மென்மையான களிப்பாறையும் அடுக்காக இருப்பதால்தான். தண்ணீர் கீழடுக்கை அரித்துக்கொண்டே போக, மேலடுக்கு பிடிமானமின்றி நீட்டி நின்று, ஒருநாள் உடைந்து விழும். அருவியடியில் குவிந்து கிடக்கும் கற்கள் அப்படி விழுந்தவை. மழைக்காலத்திலும், உறைபனி உருகும் நாட்களிலும் இன்னும் அதிகம் விழும். தண்ணீரின் குளிரும் வேறு. 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னையறியாமல் இழுக்கும். அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தை எடுத்துவிடும்படி வேண்டுகிறேன்.

பெக் ஹோலுக்கு அருகே எல்லர் பெக் ஓடையில் உள்ள தாமசன் ஃபாஸ் அருவியைக் கட்டுரை விட்டுவிட்டது. கரையோர வழி கரடுமுரடுதான். ஆனால் இது ஓடையே விழும் அருவி என்பதால், மாலியன் மெலிந்த நாட்களிலும் இங்கே தண்ணீர் இருக்கும். கோடையில்தான் வர முடியும் என்கிறவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

காட்டுக்குள் இருக்கும் ஃபாலிங் ஃபாஸ் ஏறத்தாழ 30 அடி. மே பெக் வாகன நிறுத்தத்திலிருந்து ஓடையோரமாக நடந்து வருவது, அருவிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்குவதைவிட நன்றாயிருக்கும். அருவியின் தலைமாட்டில் மிட்ஜ் ஹால் என்ற பழைய வீடு, தேநீர்த் தோட்டமாக இருக்கிறது. ஆண்டு முழுதும் திறந்திருக்காது, எனவே தண்ணீரும் தின்பண்டமும் கையில் வேண்டும். அருவியை மேலிருந்து பார்ப்பதே முறை. அங்கேயும் விளிம்பின் அடி அரிக்கப்பட்டிருக்கும் என்பதால், படம் எடுக்க ஓரத்துக்குப் போகக் கூடாது. சற்றுத் தள்ளி ஹெர்மிடேஜ் என்ற குடைவு இருக்கிறது. ஒரே பாறாங்கல்லை உள்ளே குடைந்து செய்த அறை. வாசலில் 1790 என்று வெட்டியிருக்கிறது.

ஓடைத் தண்ணீர் தேநீர் டிக்காஷன் நிறத்தில் இருப்பதைக் கண்டு கழிவுநீர் என்று நினைக்க வேண்டாம். மேலேயுள்ள மூர் நிலத்தின் பீட் மண், மக்கிய பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டு படிந்தது. அதன் சாயம்தான் அது. நிறம் பற்றிப் பயமில்லை, ஆனால் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. மேலே ஆடு மேய்கிறது. இந்தப் பீட் காய்ந்தால் தீப்பிடிக்கும், பிடித்தால் மண்ணுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். 2003 செப்டம்பரில் அருகிலுள்ள ஃபைலிங்டேல்ஸ் மூரில் சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் எரிந்துபோனது. ஒருமுறை பயன்படுத்தும் தகர பார்பிக்யூ அடுப்பை அங்கே கொண்டுபோகவே கூடாது. கட்டுரையில் 'சுற்றுலாவுக்கு ஏற்றது' என்று அதைச் சொல்லியிருந்தது வருத்தம் தந்தது.

கடலோரத்து ஹேபர்ன் வைக் அருவிக்கு வேறு கணக்கு. ஸ்கார்பரோவுக்கு வடக்கே, ஓக் காட்டு வழியாக இறங்கி வரும் ஓடை, கடற்கரைக் கற்களின் மேலேயே இரட்டையாக விழுகிறது. உயரம் சொற்பம், ஆனால் காடும் அருவியும் கடலும் ஒரே பார்வையில் கிடைப்பது அரிது. கிளவ்டன் ஊரிலிருந்து சிண்டர் டிராக் வழியாக நடக்கலாம். 1885-இல் திறந்து 1965-இல் மூடப்பட்ட ஸ்கார்பரோ–விட்பி ரயில் தடம் அது, சரிவு மிதமானது. கடலோரமாக வரும் கிளீவ்லாண்ட் வே என்ற நடைபாதை இன்னும் அழகு, ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். எந்த வழியில் வந்தாலும் கடைசி இறக்கம் செங்குத்துதான்.

இங்கே பார்க்க வேண்டியது கடலின் ஏற்ற இறக்க அட்டவணை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே நேற்று பார்த்த நேரம் இன்று ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் கடல் மிக உயர ஏறும், மிகத் தாழ இறங்கும். அந்தக் கரையில் வித்தியாசம் ஐந்து மீட்டரை ஒட்டி வரும். அதுவும் சீராக ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடும். குனிந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே திரும்பும் வழி மூடுவது அதனால்தான். கடல் முழுதாக இறங்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகக் கரையில் இறங்கி, அது திரும்ப ஏறத் தொடங்கி ஒரு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். பாறைமுகட்டின் அடியோடு வடக்கிலோ தெற்கிலோ நடந்து போக வேண்டாம். மேலேற வழியில்லை, கல்லும் விழும். இன்னொன்று: சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்தால் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரம் தவறிவிடும்.

மாலியன், ஃபாலிங் ஃபாஸ், ஹேபர்ன் வைக் மூன்றையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்று கட்டுரை சொல்கிறது. காரில் பறந்தால் ஜூன் மாதத்தில் முடியும். ஆனால் ஜூனில் மாலியன் இருக்காது. தண்ணீர் நிறைந்த டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடைக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி என்பது ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு. இந்தப் பள்ளத்தாக்குப் பாறைகளில் அதை இரட்டிப்பாக்குங்கள். மூர், காடு, கடல் மூன்றும் ஒரே நடையில் வேண்டுமென்றால் குரோஸ்மாண்டிலிருந்து ஃபாலிங் ஃபாஸ் வழியாக ராபின் ஹுட்ஸ் பே வரை போகும் பாதை இருக்கிறது. இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை போகும் கோஸ்ட் டு கோஸ்ட் நெடுநடையின் கடைசி நாள் அது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர், நடுவில் சேற்று மூர் நிலம். பழகியவர்களுக்கு முழு நாள் வேலை. மற்றவர்கள் ஒரு நாளுக்கு ஓர் அருவி என்று வைத்துக்கொள்வது நல்லது.

வரைபடத்துக்கு, பிரிட்டிஷ் அரசின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 27 தாள். நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடு போட்ட வழிகளில் நடக்க நமக்கு உரிமை உண்டு. ஃபோனில் பார்ப்பதானால் வீட்டிலேயே இறக்கிவையுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. ஆகஸ்டில் மூர் முழுதும் ஹெதர் என்ற குறுஞ்செடி ஊதா நிறத்தில் பூக்கும். அதற்காகப் போகலாம், ஆனால் பெரணிச் செடியில் உண்ணி இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்த உண்ணியை நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரை கழித்தும், அந்த இடத்தில் வட்டமாகத் தடிப்பு படர்ந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் பற்றிக் கேளுங்கள். நாயோடு போகிறவர்கள் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மூர் நிலத்தில் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் அப்போது குஞ்சு வளர்க்கும்.

அவசரத்துக்கு 999. உள்பகுதியில் போலீஸைக் கேட்டு 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று சொல்ல வேண்டும். கடலோரத்தில் நேராகக் 'கோஸ்ட்கார்ட்' கேட்க வேண்டும். குரல் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். ஆள் வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
யார்க்