மின்தொப்பி பற்றிக் கேட்டிருந்தாய்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள குணா,

அத்தானுக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்று நீ எழுதியதை வாசித்ததும் பதில் எழுதக் கை வரவில்லை. அடுத்த கிழமை மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை தொடங்கினால் அக்கா தங்க இடம் தேடி அலைய வேண்டாம். எங்கள் மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. பென்சன் எடுத்த பிறகு பின்னேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என் வேலை.

மூளைக் கட்டிக்குத் தலையில் போடுகிற அந்த மின்தொப்பியால் பலன் உண்டா என்று கேட்டிருந்தாய். மருமகன் கனடாவிலிருந்து அனுப்பிய அதன் காணொளியைப் பார்த்தேன். காலி வீதியில் மூட்டுவலிக்கு விற்கிற காந்த வளையல் சங்கதி இல்லை அது. இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்தில் இருந்த யொராம் பால்ட்டி தொடக்கிவைத்த வேலை. அமெரிக்காவில் 2011இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. தலையை மழித்து, செராமிக் வில்லைகள் பதித்த ஒட்டுத்துண்டுகளை ஒட்டுவார்கள். செக்கனுக்கு 2 இலட்சம் தடவை முன்னும் பின்னும் ஆடுகிற மின்புலம் உள்ளே போகும், சென்றிமீற்றருக்கு 1 முதல் 3 வோல்ற்தான். அந்த வேகத்துக்கு நரம்பு துள்ளாது. ஆனால் ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுக்கிற கதிர்நார்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கட்டுகிற புரதத்துக்கு நேர், எதிர் என்று இரண்டு மின்முனைகள் உண்டு. புலம் அவற்றைத் திருப்பிவிட, பிரிவு குழம்பிக் கலம் செத்துப்போகிறது என்பது விளக்கம். மூளையின் நரம்புக் கலங்கள் அநேகமாகப் பிரிவதில்லை, அதனால் அடி கட்டிக்குத்தான். பௌதிகக்காரனுக்கு இது அழகாகத்தான் இருக்கிறது!

பலன்? 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 695 நோயாளிகள். டெமோசோலோமைட் என்ற புற்றுநோய்க் குளிசை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 16 மாதம், தொப்பியும் போட்டவர்களுக்கு 20.9. ஐந்து வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 5, தொப்பியோடு 13. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போலித் தொப்பியை யாருக்கும் போடவில்லை என்று குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனாலும் ஒன்றுமில்லாத விசயம் என்று தள்ள முடியாது.

விலைதான் கொடுமை. அமெரிக்காவில் மாதத்துக்கு 20,000 டொலருக்கு மேல். அதோடு ஒரு நாளைக்கு 18 மணித்தியாலம் போட்டிருக்க வேண்டும், பற்றரிப் பையைத் தோளில் சுமந்தபடி. அதிகம் வருகிற தொல்லை ஒட்டுத்துண்டுக்குக் கீழே தோல் புண்ணாவது. திருகோணமலை வெயிலில், அந்த வியர்வையில் அத்தான் தாங்குவாரா? அவரிடமும் கேளுங்கள். இப்படியான நேரத்தில் நோயாளியைத் தவிர எல்லாரும் முடிவெடுப்போம்.

ஒரு ஆறுதல், அந்த ஆய்வில் கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகுதான் தொப்பியைத் தொடங்கினார்கள். ஆகவே காணியை விற்க இப்போதே ஓடாதே. முதலில் கதிரும் குளிசையும் ஒழுங்காக நடக்கட்டும், டொக்டரிடம் இதை நேரே கேட்போம், நானும் கூட வருகிறேன்.

அக்கா எந்த பஸ்ஸில் வருகிறா என்று கோல் எடுத்துச் சொல்லு. புறக்கோட்டையில் வந்து நிற்பேன்.

அன்புடன்,
சிவா