பயிற்சிக்குப் பிறகும் துணை வேண்டும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தோழமை வழிகாட்டிகளாகப் பணியாற்றும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த ஆண்டு நம்மோடு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்புக் குடும்பங்களிலும் குழந்தைகள் இல்லங்களிலும் வளர்ந்து, பதினெட்டு வயது நிறைந்ததும் தனியே நிற்க வேண்டியவர்களுக்காகத் தொடங்கப்பட்டது நம் சங்கம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் அந்த வாசலைத் தாண்டி வந்தவர்கள்தான். அவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கூட்டங்களின் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. பேச வேண்டியதை மட்டும் பேசுகிறேன்.

மின்பணி, பற்றவைப்பு, தையல், முதியோர் பராமரிப்பு ஆகிய பயிற்சி வகுப்புகள் தடையின்றி நடந்தன. பயிற்சியாளர்கள் குறை வைக்கவில்லை. சான்றிதழ் வழங்கும் விழாவும் சிறப்பாக நடந்தது. படம் எடுக்க எல்லோருக்கும் பிடிக்கும் நாள் அது. வேலை வாங்கிக் கொடுப்பதும் நாம் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. அந்த வேலையில் நிலைத்திருப்பதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பற்றவைப்பில் கை சுத்தம். பட்டறையில் சேர்ந்த சில வாரங்களில் மேற்பார்வையாளர் ஒருநாள் குரலை உயர்த்தினார். வீணான இரும்புக்காகக் கத்திய கத்தல், அவ்வளவுதான். மறுநாள் தம்பி வேலைக்குப் போகவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. பட்டறையில் பொறுப்பில்லாத பையன் என்றார்கள். அவனுடைய வழிகாட்டியான அண்ணனுக்கு மட்டும் விஷயம் புரிந்தது, ஏனென்றால் அவரும் வீடு மாறி வீடு மாறி வளர்ந்தவர். சத்தம் கேட்டால் அடுத்து பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்குள் நாமே போய்விடலாம் என்பது சிறு வயதில் படிந்த பழக்கம். அண்ணன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவனைக் கூட்டிக்கொண்டு பட்டறை வாசல்வரை போனார். மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்து, "நேற்று எங்கே போனாய்? அந்தக் கேட் வேலை அப்படியே கிடக்கிறது" என்றார். திட்டு வாங்கியவன் மறுநாளும் வேலைக்கு வரலாம் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. எந்தப் பாடத்திட்டத்தில் இதைச் சேர்ப்பது?

இன்னொன்று, விண்ணப்பப் படிவம். வேலைக்குச் சேரும்போது "அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்" என்று ஒரு கட்டம் வரும். மற்ற எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிய ஒரு தங்கை அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். அருகில் இருந்த அக்கா தன் பெயரையும் எண்ணையும் சொன்னார், "உறவுமுறை?" என்று கேட்டதற்கு "அக்கா என்றே போடு" என்றார். வாடகை ஒப்பந்தத்துக்குப் பிணை நிற்பவர், மருத்துவமனையில் உடன் இருப்பவர் என்று இந்தக் கட்டம் வெவ்வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது.

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. பெற்றோரைப் பிரிந்து வளரும் குழந்தைகளுக்காக 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், பராமரிப்பிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் இயன்றவரை தனியாக ஒருவரைத் துணைக்கு ஒதுக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்கா 1999இல் இவர்களுக்கென்றே நிதி ஒதுக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2008 சட்டத்தால் மாநிலங்கள் விரும்பினால் 21 வயதுவரை பராமரிப்பை நீட்டிக்க வழி பிறந்தது. இங்கிலாந்தில் 2017 சட்டத்தின்படி 25 வயதுவரை தனி ஆலோசகரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் பின்பராமரிப்புக்கு, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகும் தரும் உதவிக்கு, இடம் தருகிறது. இவற்றையெல்லாம் படித்தபோது எனக்குப் பட்டது இது: பதினெட்டு என்பது அலுவலகக் கோப்பை மூடுவதற்கு வசதியான எண். பெற்றோரோடு வளரும் பிள்ளையை எந்த வீடும் பிறந்தநாளுக்கு மறுநாள் வெளியே அனுப்புவதில்லை.

வழிகாட்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே பாதையில் வந்தவர் என்பது அவர்களின் பலம், ஆபத்தும் அதுதான். தம்பியின் கதையைக் கேட்கும்போது தன் பழைய காயம் கிளறப்படும். இரவு இரண்டு மணி அழைப்புகளை ஒருவரே சுமந்தால் விரைவில் ஓய்ந்துபோவார். அதனால் இவ்வாண்டு முதல் வழிகாட்டிகள் மாதந்தோறும் தங்களுக்குள் கூடி, அனுபவமிக்க ஆலோசகர் முன்னிலையில் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பணம் கடன் கொடுப்பதில்லை, தன் வீட்டில் தங்கவைப்பதில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் இரகசியம் காப்பதில்லை என்ற மூன்று விதிகளும் அவர்களே வகுத்தவை. முதல் விதிக்கு முணுமுணுப்பு இருக்கிறது. இருக்கட்டும், கடன் நுழைந்த இடத்தில் அண்ணன் தம்பி உறவு நீடிப்பதில்லை.

ஆவணங்கள் குறித்துச் சுருக்கமாக: பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி விவரம், வங்கிக் கணக்கு ஆகியவை பதினேழு வயதிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். வெளியேறிய பிறகு இவற்றைத் தேடுவது ஒரு தனி வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. முதல் சம்பளம் வரும்வரை பயணச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உதவும் சிறு நிதியைச் சங்கமே நேரடியாகக் கொடுக்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பொதுக்குழுவின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். இப்போது வழிகாட்டியின் பொறுப்பு பயிற்சி முடிந்ததும் முடிகிறது. அதை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு என்று மாற்ற வேண்டும். ஆண்டு வெற்றியைச் சான்றிதழ்களின் எண்ணிக்கையால் கணக்கிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு வேலையிலோ படிப்பிலோ இருப்பவர்களைக் கணக்கிடுவோம். அடுத்த அறிக்கையில் எண்ணிக்கை சிறுத்துத் தெரியும், நன்கொடையாளர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல நான் தயார். முன்மொழிகிறேன், வழிமொழிய விரும்புபவர்கள் எழுந்து பெயரைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்