அம்முணிக்கு

கோபி

அன்புள்ள அம்முணிக்கு,

போட்டோ பார்த்தேன். ஜெர்மனியில் அந்த மோரிட்ஸ்பர்க் அரண்மனைப் படிக்கட்டில் அந்த வெண்கலச் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாய். எடுத்தது யார்? கழுத்து தெரியாமல் மப்ளர் சுற்றியிருக்கிறாய். குளிருக்குத்தான் இருக்கும். தலை ஈரத்தோடு வெளியே போகாதே.

அந்தப் படிக்கட்டில் எடுத்த சிண்ட்ரெல்லா படத்தைத் தம்பி போனில் போட்டுக் காட்டினான். 1973-ல் வந்த செக் படமாம், அங்கேயெல்லாம் கிறிஸ்துமஸ் தவறாமல் டிவியில் போடுவார்களாம். அடியில் ஓடிய இங்கிலீஷை அவன் படித்துச் சொன்னான். நடித்த பிள்ளை லிபுஷே ஷாஃப்ராங்கோவா. அப்போது 19 வயதுதானாம். மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று பார்த்தால் குதிரை ஏறுகிறாள், வில் எடுக்கிறாள், இளவரசன் மேலேயே பனியை உருட்டி எறிகிறாள். வாய்க்கால் மேட்டில் சின்னண்ணன் பையனைச் சேற்றால் அடித்தாயே, அந்தக் கை.

இளவரசனாக நடித்தவன் பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது என்று வேறு ஆள் குரலைப் போட்டார்களாம். நம் 'ஏனுங்க'வை மாப்பிள்ளை பந்தலிலேயே கேலி பண்ணியது ஞாபகம் வந்தது. அப்போது நானும் சிரித்தேன். இப்போது போனில் நீ 'ஏனுங்கம்மா' என்பதில்லை.

பொங்கலன்று இரண்டு நிமிசம் பேசினாய். அவர் தூங்குகிறார் என்றாய். இங்கே மணி மூன்று, அங்கே பத்தரை. தீபாவளிக்கும் தூக்கம்தான். ஊரெல்லாம் உன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? மஞ்சள் வெட்டு ஆரம்பித்தாச்சு, அதை அப்புறம் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

படத்தில் ஒரு இடம். இவளைத்தான் கட்டுவேன் என்று இளவரசன் சபை நடுவே சொல்கிறான். முகத்திரைக்குள் இருந்து அந்தப் பிள்ளை, பெண்ணுக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டீர்களே என்கிறாள். தம்பி படித்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று உள்ரூமில் என் முந்தானையைப் பிடித்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்றாய். காப்பி ஆறுகிறது என்று தட்டை உன் கையில் கொடுத்தேன். அப்பாதான் பிடிவாதம் என்று இத்தனை வருசம் நீ நினைத்தாய், நானும் நினைக்க விட்டேன். உப்பு சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணுவதற்கு முந்தின ராத்திரி அவர் கேட்டார், "புள்ளைய ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்டுட்டேன், சரின்னுட்டா என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

உன் ரூமுக்கு வெள்ளை அடித்தாச்சு. அப்பா கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறார், நீ முன்பு போட்டிருந்த மாதிரியே. எதற்கு என்று நான் கேட்கவில்லை. தலையை நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ.

அம்மா