பட்டாளத்து மாமாவும் பதியப்படாத பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தோட்ட லயத்துக்காரர் ஒருவர் காலமானார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. ஊருக்கே அவர் பட்டாளத்து மாமா. பால்மரம் வெட்டியவரின் மகன். வாலிபத்தில் மலேசிய ராணுவத்தில் சேர்ந்து பேராக்கின் கிரிக் காட்டில் இருந்தவர். கம்யூனிஸ்டுகளுடனான இரண்டாம் கட்டப் போர் 1968 முதல் 1989 வரை நடந்தது. 1982-ல் திறக்கப்பட்ட கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் இன்று காரில் பறக்கிறோமே, அது போடப்பட்டபோது காவல் நின்றவர்களில் மாமாவும் ஒருவர். கண்ணிவெடிக்குப் பயந்து, முன்னால் போனவரின் பூட்ஸ் தடத்திலேயே கால் வைத்து நடந்த கதையைச் சொல்வார். அதற்கு மேல் கேட்டால், "பசியாறிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சாதாரணச் சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு சேவை வேண்டும். மாமா அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார். அப்புறம் செம்பனைத் தோட்டத்தில் ஜாகா வேலை. கடைசிவரை காவல்தான், பாருங்கள்!

இறுதிச் சடங்குக்கு ராணுவத் தரப்பில் யாரும் வரவில்லை. யாரைக் குறை சொல்வது? தகவல் சொல்ல வேண்டும் என்பதே மகனுக்குத் தெரியாது. தகரப் பெட்டியில் பதக்கம் இருந்தது, முன்னாள் வீரர் அட்டை இல்லை.

ஜூலை 31 வீரர்கள் தினத்தன்று மேடையில் பேசுவது சரி. தோட்டப்புறத்து முன்னாள் வீரர்களைத் தேடிப் பதிய கோயில் நிர்வாகங்களாவது முன்வரலாமே? எப்படிப் பதிவது, எந்தப் பத்திரம் வேண்டும் என்பதை உங்கள் ஞாயிறு பதிப்பில் விளக்கமாகப் போடுங்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்